முன்னால் எட்டுப் பேர்

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு காத்திருப்பு ஆரம்பமாகும். பிடிக்கவில்லை என்றால் சொல்லித் தொலைக்கலாம்; பிடித்திருந்தால் தேதி பார்க்கலாம். இரண்டும் இல்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது பரம சங்கடம்.

எனக்கு அந்தச் சங்கடம் பதினேழாவது வயதில் வந்தது. பயப்படாதீர்கள், மாப்பிள்ளை விஷயமல்ல. கல்லூரி விஷயம்.

எங்கள் ஊர் கொமரலிங்கம். உடுமலைக்கும் பழனிக்கும் இடைப்பட்ட சீமையில், அமராவதி ஆற்றை ஒட்டி இருக்கிறது. நெல், கரும்பு, தென்னை என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பச்சை வயலுக்கு நடுவிலும் பஞ்சு வாசனை வரும். விடியற்காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு நூற்பு மில் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். தூக்குப்போசியோடு பெண்கள் ஓடிப் போய் ஏறுவார்கள். இன்னும் கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் சேருவார்கள். பள்ளிக்கூடம் முடித்த பெண்ணுக்கு அந்த வண்டி, அல்லது கல்யாணம். மூன்றாவது வழி ஒன்று உண்டென்று எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவாக நிச்சயமில்லை.

2007-ஆம் வருஷம் நான் பிளஸ் டூ தேறினேன். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்கு, கணிதம் படிக்க மனுப் போட்டேன். (கணிதம் படித்தவள் பத்திரிகை ஆபீஸுக்கு எப்படி வந்து சேர்ந்தாய் என்று என் ஆசிரியரே கேட்டதுண்டு. அது வேறு கதை.) அப்பாவும் நானும் இரண்டு பஸ் மாறிப் போய், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தோம். மேலிருந்து கீழே இரண்டு தரம் தேடினேன். என் பெயர் இல்லை. பக்கத்தில் சின்னதாக இன்னொரு தாள். 'காத்திருப்போர்' என்று தலைப்பு. அதில் ஒன்பதாவது பெயர் என்னுடையது.

"இடம் காலியானால் கடிதம் வரும்" என்றார் ஆபீஸில் இருந்தவர். "காலியாகுமுங்களா?" என்று அப்பா கேட்டார். "யாராவது போனால் ஆகும்" என்று பதில் வந்தது.

திரும்பி வரும்போது அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பல்லடம் தாண்டியதும், "ஒரு மாசம் பாக்கலாங் கண்ணு. அப்புறம் சும்மா இருக்க முடியாதல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரை ஏக்கர் நிலத்தில் ஏழு பேர் சாப்பிட வேண்டும்.

ஜூன் மாதம் போயிற்று. கல்லூரிகள் திறந்துவிட்டன. என்னோடு படித்தவர்கள் புதுப் பையோடு பஸ் ஏறினார்கள். நான் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்த சமயம் அது. குழந்தை தூங்கும் வரையில் நான் ஆட்ட வேண்டும். தூங்கியதும் திண்ணைக்கு ஓடித் தபால்காரரின் சைக்கிள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவரும் நல்ல மனிதர். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே, தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிடுவார்.

இங்கே ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பத்து நாள் நான் சாமியிடம் வேண்டிக்கொண்டது ரொம்ப மோசமான வேண்டுதல். எனக்கு முன்னால் இருந்த அந்த எட்டுப் பேருக்கும் காய்ச்சல் வர வேண்டும், அவர்களுக்குச் சட்டென்று கல்யாணம் நிச்சயமாக வேண்டும் என்றெல்லாம் வேண்டினேன். முகம் தெரியாத பெண்கள். ஒருநாள் ராத்திரி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றியது. அந்த எட்டுப் பேரில் ஒருத்தி வீட்டு வாசலிலும் மில் வண்டி நிற்குமோ என்னவோ! அன்றைக்கு வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். 'சாமி, அந்த எட்டுப் பேருக்கும் இதைவிட நல்ல காலேஜ் கிடைக்கட்டும்' என்று. பிறருக்கு நல்லது நடந்தால்தான் நமக்கு வழி பிறக்கும் என்ற கியூ வரிசை வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த வருஷம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே என்ஜினீயரிங் இடம் கொடுத்தார்கள். ஜூலையில் கலந்தாய்வு மும்முரமாக நடந்தது. அண்ணன் அதைப் பேப்பரில் படித்துவிட்டு, "கணக்குப் படிக்கிற புள்ளைக பாதிப் பேரு அங்க போயிருவாங்க பாரு" என்று தைரியம் சொன்னார். ஆனால் அப்பா சொன்ன ஒரு மாசம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா மில்லில் சொல்லியும் வைத்துவிட்டாள். வருகிற திங்கட்கிழமை வண்டி ஏற வேண்டியது.

என்னைக் காப்பாற்றியது ஆத்தா. அவளுக்குக் கல்லூரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பஞ்சாங்கம் தெரியும். "ஆடி பொறந்தாச்சு. ஆடியில புதுசா ஒண்ணும் வேண்டாம். ஆவணி பொறக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆத்தா பேச்சுக்கு வீட்டில் அப்பீல் கிடையாது. ஆடி மாதத்தைப் பலர் திட்டுவார்கள். நான் மட்டும் திட்டமாட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு நாலு நாள் முன்னால், காற்று ஊளையிட்டுப் புழுதி வாரி இறைத்த ஒரு மத்தியானம், தபால்காரர் கையை விரிக்கவில்லை. சைக்கிளில் வரும்போதே மணியை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார்.

சேரப் போன அன்று ஆபீஸ் குமாஸ்தா ரிஜிஸ்தரைப் புரட்டியபடி போகிறபோக்கில் ஒரு சமாசாரம் சொன்னார். கடைசி இடத்தைக் காலி செய்த பெண்ணுக்கு என்ஜினீயரிங் கிடைத்ததாம். கிடைத்த மறுநாளே வந்து டி.சி. வாங்கிப் போய்விட்டாளாம். "எல்லாரும் அப்படி வரமாட்டாங்கம்மா. சொல்லாமலே போயிடுவாங்க. பேர் மட்டும் இங்கே இருக்கும், பெஞ்சு காலியா இருக்கும்" என்றார். அந்தப் பெண் இன்னும் ஒரு மாசம் சும்மா இருந்திருந்தால் ஆவணி பிறந்திருக்கும். நான் என்ன ஆகியிருப்பேன் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். இப்போதும் நினைக்கிறேன். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டது என் தவறு.

பதினேழு வருஷம் ஓடிவிட்டது. 2024 ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தேன். 2009-ல் திருப்பூர் தனி மாவட்டம் ஆனதோடு எங்கள் ஊரும் கோயம்புத்தூர் மாவட்டத்தை விட்டு வந்துவிட்டது. தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தை பிளஸ் டூ முடித்திருந்தாள். இப்போது தபால்காரருக்கு வேலையில்லை. கையிலுள்ள போன்தான் தபால்காரர். விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேலே ஏதாவது காலியானால் அதற்கும் காத்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு பொத்தான் உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பெண் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். "என்ற கண்ணே பூத்துப் போச்சு" என்றாள் அண்ணி. காகிதம்தான் போயிற்று, காத்திருப்பு அப்படியே இருக்கிறது.

அவளுக்கு நல்ல காலம். 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ஜினீயரிங்கில் 7.5 சதவிகிதம் தனி ஒதுக்கீடு உண்டு. கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் முன்ஜாக்கிரதையாக ஜூலையிலேயே உடுமலை அரசு கலைக் கல்லூரியில் கணிதத்தில் சேர்த்திருந்தார்கள். டி.சி. அங்கே இருந்தது. புதுக் கல்லூரியிலோ அதைப் பிறகு கொடுத்தால் போதும் என்று அவகாசம் தந்திருந்தார்கள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் அம்மிணி. ஆஸ்டல் சோறு ஒத்துக்கலீன்னா திரும்பி வரலாமல்ல? ஒரு மாசம் போகட்டும்" என்றார் அண்ணன்.

அதே ஒரு மாசம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. கையில் இரண்டு இருந்தால் பெற்றவர்களுக்குத் தைரியந்தானே? நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, அந்தத் தபால்காரர் கதையை மட்டும் அண்ணன் மகளிடம் சொன்னேன். காய்ச்சல் வேண்டுதல் உள்பட. அவள் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்கு உடுமலைக்குப் போலாமா அத்தை?" என்றாள்.

போனோம். டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் நின்றோம். அங்கே ஒரு அம்மாவும் பெண்ணும், இடம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் சான்றிதழ்கள். அம்மாவின் ஒரு கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள் போலிருந்தது.

"நான் விட்ட இடம் அந்தப் பொண்ணுக்குக் கெடைக்குமா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியாது கண்ணு. அவளுக்கு முன்னால் எத்தனை பேரோ."

உங்கள் வீட்டிலும் இரண்டு இடம் கிடைத்த பிள்ளை இருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விலகும் மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. சீக்கிரம் விலகினால் திரும்பி வரும் தொகையும் அதிகம். நாள் ஆக ஆகக் குறையும். ஆகையால் பிறத்தியாருக்காக இல்லாவிட்டாலும், சொந்தக் கணக்குக்காகவாவது சீக்கிரம் போய்விட்டு வாருங்கள்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அண்ணன் கேட்டார்: "அப்ப ரெண்டுல ஒண்ணு போச்சா?"

அண்ணி வட்டிலில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணத்தானுங்க படிக்க முடியும். கை கழுவிட்டு வாங்க."