துறையில் கிடக்கும் யானை

அதியமான்கோட்டையில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் காலபைரவரைப் பார்க்க வந்தவர்கள். தேய்பிறை அஷ்டமி என்றால் பூசணிக்காய் விளக்கும் கையுமாகக் கூட்டம் நெரியும். ஊரின் பெயரில் இருக்கிறவனை, அதியமான் நெடுமான் அஞ்சியை, தேடி வருகிறவர் குறைவு. அப்படி வருகிறவரும் அவன் ஔவைக்கு நெல்லிக்கனி தந்த கதையோடு திருப்தி அடைந்துவிடுகிறார். எனக்கென்னவோ நெல்லிக்கனியைவிட ஔவையின் யானைகள்தான் பிடிக்கும்.

*

புறநானூறு 94. மொத்தமே ஐந்து அடி. ஊர்த்துறையில் ஒரு பெரிய களிறு தண்ணீரில் கிடக்கிறது. சின்னப் பிள்ளைகள் அதன் தந்தத்தைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். எங்களுக்கு நெடுமான் அஞ்சி அப்படி இனியவன் என்கிறார் ஔவை. பகைவருக்கு? அதே யானைதான், மதம் பிடித்திருக்கும்போது.

“அதியமான் யானை போன்ற வலிமை உடையவன்” என்று தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். பாட்டு கிடைக்காது. அந்த யானை நினைத்தால் எழுந்திருக்கலாம். எழவில்லை, பிள்ளைகள் இழுத்த இழுப்புக்குக் கிடக்கிறது. அந்தக் கிடப்பில்தான் உவமை இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: “எங்களுக்கு” என்று சொல்லும்போது ஔவை தன்னையும் பாணர் கூட்டத்தையும் அந்தப் பிள்ளைகளோடு நிறுத்திவிடுகிறார். அரசனைப் புகழ்கிற பாட்டில் புலவர் தன்னைத் தந்தம் கழுவும் பொடிசாக வைத்துக்கொள்வது சாதாரணத் தைரியம் இல்லை.

*

101-ஆம் பாட்டிலும் யானை உண்டு. ஆனால் அங்கே யானை அஞ்சியில்லை, அவன் தரப்போகும் பரிசை வைத்திருக்கிற இடம். பரிசில் இன்று வரலாம், தள்ளியும் போகலாம். எப்போதானாலும் யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்த கவளம் மாதிரி, தப்பாது. பரிசிலுக்கு ஏங்கும் தன் நெஞ்சுக்கு ஔவை சொல்லும் ஆறுதல் இது. கவளம் இன்னும் வாய்க்குப் போகவில்லை, ஆனால் வேறு எவனும் அதைத் தொட முடியாது. தாமதம், உறுதி இரண்டையும் ஒரே காட்சியில் பிடித்துவிட்டார்.

104-க்கு வந்தால் யானை பகைவன் பக்கம் போய்விடுகிறது. பிள்ளைகள் விளையாடினாலே கலங்கிப்போகிற முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் கிடக்கும் முதலை யானையையே இழுத்துச் சாய்த்துவிடும். இளையவன்தானே என்று அஞ்சியை எண்ணிவிடாதீர்கள் என்கிறார்.

ஒரே புலவர், ஒரே தலைவன், மூன்று யானை. “யானை என்றால் அரசன்” என்று பட்டியல் போட்டுப் படிக்கிறவர் 104-இல் கவிழ்ந்துவிடுவார். அதைவிட, 94-இலும் 104-இலும் தண்ணீருக்குள் அதே ஊர்ப் பிள்ளைகள்! ஒன்றில் அவர்கள் யானையின் சாதுத்தனத்துக்குச் சாட்சி. இன்னொன்றில் தண்ணீரின் ஆழத்துக்கு அளவுகோல். உரைகள் யானையையும் முதலையையும் விளக்கிவிட்டுப் பிள்ளைகளைத் தாண்டிப் போய்விடுகின்றன.

*

தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படை சொல்கிறார். வினை முதலில் நிற்பது எனக்கு வசதி. எது போல இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கலாம்.

*

இந்தத் தருமபுரி மாவட்டத்தில் யானையும் முதலையும் இன்னும் ஏட்டு விலங்குகள் ஆகிவிடவில்லை. ஒகேனக்கல் காவிரியில் முதலை உண்டு. பென்னாகரம் பக்கக் காட்டோர ராகிக் கொல்லைக்காரருக்கு யானை என்றால் இரவுக் காவல். அவரிடம் போய்ப் பிள்ளைகள் தந்தம் கழுவிய கதையைச் சொன்னால் சிரிப்பார். பாட்டின் பின்பாதி மட்டும் உடனே புரியும்.

*

புறத்தில் ஔவை ஒப்பிடுவதை ஒளிக்காமல் “போல” என்று சொல்லிவிடுகிறார். அகத்துக்குப் போனால் சேதி வேறு. குறுந்தொகை 91, இதுவும் ஔவை பெயரில் உள்ளது. பிரம்பங்கொடியில் பழுத்த கனியை ஆழமான குளத்துக் கெண்டை கவ்வுகிறது. அப்படிப்பட்ட துறைக்காரன் அவன். அவ்வளவுதான். “போல” இல்லை, யார் மீன், யார் கனி என்ற பேச்சும் இல்லை. பரத்தை வீட்டுக்குப் போய்வந்த கணவனை ஏற்பதா என்ற நிலைமையில் வைத்துப் பார்த்தால், கரையிலிருப்பவர்கள் பறிக்கக்கூடிய கனி மீனுக்குச் சிரமமில்லாமல் கிடைப்பது சுருக்கென்று படும். இதுதான் உள்ளுறை. கெண்டை பரத்தை, கனி தலைவன் என்று உடனே பெயர்ச்சீட்டு ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் பேசுகிறவள் வாய்விட்டுச் சொல்ல விரும்பாததை நாம் ஏன் உரக்கச் சொல்ல வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டின் பின்பாதியில் அஞ்சி வந்துவிடுகிறான், வெளிப்படையான உவமையாக. அந்தத் துறைக்காரனை ஏற்றுக்கொண்டால் கவலைகள் பலவாகும், தூங்கும் நாள் சிலவாகும்: அஞ்சியின் போர்முனையில் அகப்பட்ட ஊரின் இரவு மாதிரி. மழை போலக் கொடுக்கும் கைக்காரன் என்ற புகழும் பக்கத்திலேயே இருக்கிறது. 94-இல் துறையில் படுத்திருந்த யானையை இங்கே பகைவர் ஊருக்குள்ளிருந்து பார்க்கிறோம்.

*

ஔவையின் இன்னொரு அகப்பாட்டு, குறுந்தொகை 29: கிடைக்காததை விரும்பும் நெஞ்சு, மழைநீரை ஏற்ற பச்சைமண் பானை. சுடாத பானை தண்ணீர் பட்டால் படாரென்று உடையாது. ஊறும், இளகும், கரைந்து உட்காரும். குயவர் வீட்டுப் பிள்ளைக்கு உரையே வேண்டாம்.

*

புறநானூறு 315-ஐ வகுப்பில் எப்படிச் சொல்வது? வீட்டுக் கூரை இறப்பில் செருகி வைத்த ஞெலிகோல் போல அஞ்சி இருப்பதே தெரியாமலும் இருப்பான். அந்தக் கோலிலிருந்து எழும் தீயைப் போல வெளிப்படவும் தெரிந்தவன். 94-இன் அதே கட்டுமானம்தான்: இரண்டு பொருளைத் தேடவில்லை, ஒரே பொருளின் இரண்டு நிலை. “ஞெலிகோல்: தீக்கடைகோல்” என்று அடிக்குறிப்பு போட்டால் எரிவாயு அடுப்பு வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குச்சிக்கு இரண்டு பெயர் தெரியும், அவ்வளவே. கூரை கீழிறங்கும் இடத்தில் அதைச் செருகுவார்கள், பார்த்தால் வெறும் குச்சி, கடைந்தால்தான் நெருப்பு, செருகியிருக்கும் கூரையோ ஓலை அல்லது புல் என்று நாலு வரி சொல்லிவிட்டுப் பாட்டைப் படிக்கலாம். நாலு வரிக்கு அடிக்குறிப்பில் இடமில்லை என்றால் ஆசிரியர் வாயால் சொல்லட்டும்.