இராயப்பரின் படகும் எண்ணூரின் புகையும்

மாலைத் திருப்பலி முடிந்து இராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தை விட்டு வெளியே வரும்போதெல்லாம், கடற்காற்றோடு டீசல் புகையும் நம்மீது வீசுகிறது. துறைமுகம் நோக்கிச் செல்லும் லாரிகளின் இரைச்சலில் ஆலயமணியின் ஓசையும் அமிழ்ந்துவிடுகிறது. பழகிப்போன காட்சிதான். ஆயினும் இவ்வாலயத்தை எழுப்பியவர்கள் யார் என்று சற்றே நினைத்துப் பார்த்தால், வடசென்னையின் வரலாறே நம் கண்முன் விரியும்.

1829-ஆம் ஆண்டில் இதனைக் கட்டியவர்கள் படகோட்டிகள். அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்குகளையும் அலைகடந்து கரை சேர்த்தன. கடலை நம்பி வாழ்ந்த அம்மக்கள், மீனவரான இராயப்பரைப் பாதுகாவலராகக் கொண்டதில் வியப்பில்லை.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. 1876-இல் துறைமுகப் பணி தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். கப்பல்கள் துறைக்குள்ளேயே வந்து நின்றபின் மசூலாப் படகுக்கு வேலை இல்லாமற் போயிற்று. முன்னேற்றத்தின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி அன்றே இங்கு எழுந்துவிட்டது.

பிறகு ஆலைகள் வந்தன. அருகிலுள்ள பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரை மையமாகக் கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. போன்றோர் அதற்குத் துணைநின்றனர். 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் உயிர்கள் பலியாயின. ஒரே தறிக்கூடத்தில் வியர்வை சிந்தியவர்களைச் சாதி பிரித்தது என்பதையும் வேதனையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1996-இல் அவ்வாலைகள் மூடப்பட்டன. ஆலைச் சங்கை வைத்தே நேரம் அறிந்த குடும்பங்களுக்கு அந்த மௌனம் எவ்வளவு கனமாக இருந்திருக்கும்!

வடக்கே திருவொற்றியூரில் தீப்பெட்டியும் மோட்டார் சைக்கிளும், எண்ணூரில் லாரியும் மின்சாரமும் உருவாயின. நகரின் விளக்குகள் எரிய, எண்ணூர் சாம்பலைச் சுமந்தது. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் சுமை இறங்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது, மீனவரின் படகும் வலையும் கறுத்தன. இறாலைத் தேடிச் சேற்றில் துழாவும் கைகளுக்கு எண்ணெயே அகப்பட்டது.

இராமுழுதும் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாமல் வலையை அலசிக்கொண்டிருந்த இராயப்பரை ஆண்டவர் கரையில்தான் சந்தித்தார். முதலில் அவருடைய படகில் ஏறி அமர்ந்தார், பிறகே அழைத்தார். நாமோ, வெறும் வலையோடு திரும்பும் அண்டை வீட்டாரைக் காணாமல் ஆலயத்துக்குள் விரைகிறோம்.

தொழில்கள் வரும், போகும். உழைத்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் உரிமைக்காகவும், 2015-இல் பிரான்சிஸ் திருத்தந்தை இப்பூமிக்காகவும் சுற்றுமடல் எழுதினார்கள். அவற்றை மேடையில் போற்றுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. தூய நீருக்காகவும் நியாயமான இழப்பீட்டுக்காகவும் எண்ணூர் மக்கள் குரல் எழுப்பும்போது அவர்கள் அருகில் நாமும் நிற்போம். படகோட்டிகள் தம் வியர்வையால் கட்டித்தந்த ஆலயத்தில் முழங்காலிடும் நமக்கு, அந்தக் கடன் இருக்கிறது.