ஒண்ட வந்த ஒண்டாச்சி

பம்பாய்க்கு வரும் தஞ்சாவூர்க்காரன் முதல் இரண்டு நாட்களை ஊரைக் குறை சொல்வதிலேயே கழித்துவிடுவான் என்பதற்கு நானும் விலக்கல்ல. மாதுங்காவில் ஓர் உடுப்பி ஹோட்டலில் அரை மணி நேரம் டோக்கனும் கையுமாகக் காத்து நின்று, கடைசியில் முன்பின் அறியாத ஒருவருக்கு எதிரே இலை போடப்பட்டபோது, ரசத்தில் வெல்லத்தைக் கரைத்திருக்கிறார்களே என்ற துக்கமும் சேர்ந்துகொள்ள, இந்த நகரத்தின்மேல் ஒரு முழுக் குற்றப்பத்திரிகையே மனத்திற்குள் தயாராகிவிட்டிருந்தது.

எதிரே இருந்தவருக்கு எழுபதுக்கு மேல் வயதிருக்கும். நெற்றியில் திருநீற்றுக் கீற்று. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. மோர் தெறிக்காமல் நான் ஒதுக்கி வைத்த காகிதக் கட்டின்மேல் அவர் பார்வை போயிற்று. கொழும்பிலிருந்து நகலெடுத்து வந்து, செம்பூரிலுள்ள சிநேகிதரிடம் சேர்ப்பதற்காகச் சுமந்துகொண்டிருந்த அந்தக் காகிதங்களில் பெயர்கள் கிளை கிளையாகப் பிரிந்து இறங்கின.

"என்ன தம்பி, சொத்துக் கேஸா?"

"இல்லை ஐயா. இலங்கையில் ஒரு பழைய டச்சுக் குடும்பத்தின் வம்சாவளி. ஒண்டாச்சி குடும்பம்."

"அண்ணாச்சி குடும்பமா? எந்த அண்ணாச்சி?"

திருநெல்வேலிக் காதுக்கு அப்படித்தான் விழும். நான் நிறுத்தி நிதானமாக இரண்டாம் முறை உச்சரித்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒண்ட வந்தவனா? பொருத்தமாத்தான் பேரு வச்சிருக்கான்!"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கனவான் குடும்பத்தின் சரித்திரம் இப்படிச் சிலேடையாகிவிடலாமா என்ற ஆத்திரத்தில், மோர்சாதம் ஆறுவதையும் பாராமல் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டேன். ஒல்லாந்தர் 1656-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொழும்பைப் பிடித்து, 1796-இல் ஆங்கிலேயரிடம் இழந்ததையும், ஒல்லாந்துக் கம்பெனி போன பின்னும் அங்கேயே தங்கிவிட்டவர்களின் சந்ததி பறங்கியர் என்று பெயர் பெற்றதையும், அவர்கள் 1908-இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டு, அதன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டு வந்ததையும் சொன்னேன். எத்தனை தலைமுறை கழிந்தாலும் தந்தைவழி மூலபுருஷன் ஐரோப்பியனாக இருக்கவேண்டும் என்பது பறங்கியருக்கு இலங்கையின் பிரதம நீதிபதி ரிச்சர்ட் ஒட்லி வகுத்த இலக்கணம்.

நம் பக்கத்தில் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர் போதும். நான்காவதைக் கேட்டால் என் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. கொழும்பு வுல்ஃபெண்டால் தேவாலயத்தில் தரையெங்கும் பெயர் பொறித்த கல்லறைக் கற்களைக் கண்டு நான் அடைந்த பொறாமைக்கு அதுவே காரணம்.

"அந்த ஒண்டாச்சிக்கு மூலபுருஷன் யாரு?" என்றார் பெரியவர்.

இங்கேதான் நான் சற்றுத் தயங்கினேன். குடும்ப மரபின்படி, 1659-இல் ஒல்லாந்துக் கவர்னரின் மனைவிக்குச் சிகிச்சை செய்யத் தஞ்சைச் சீமையிலிருந்து வரவழைக்கப்பட்ட வைத்தியரே முதல்வர். அந்த வம்சத்தில் 1758-இல் கொழும்பில் பிறந்த குவின்ட் ஒண்டாச்சி, படிப்பதற்காக ஒல்லாந்து சென்று, உத்ரெக்ட் நகரத்தில் தேசபக்தர் கட்சியின் தலைவர்களுள் ஒருவராகி, அந்நாட்டுத் தலைமையிலிருந்த இளவரசருக்கு எதிராகக் கிளம்பி, 1787-இல் பிரஷ்யப் படை வந்ததும் நாட்டை விட்டு ஓடி, 1818-இல் பட்டேவியாவில் இறந்தார். நம் காலத்து நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சியோ, 1982-இல் வெளியிட்ட குடும்ப நினைவு நூலில், வைத்தியர் வந்த வருஷத்தை 1600 என்றும், குணமானது கவர்னரின் மகள் என்றும் எழுதிவிட்டார். 1600-இல் கொழும்பில் ஒல்லாந்துக் கவர்னர் ஏது! ஆனாலும் மனைவியைவிட மகள் கதைக்கு அழகு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

"தஞ்சாவூர் வைத்தியர்னா நம்ம ஆளுல்லா? அவரை எதுக்கு டச்சுக்காரன்ங்கீங்க?"

"பெயர் ஒல்லாந்து எழுத்தில்..."

"பேரை எழுதினவன் டச்சுக்காரன். எழுதுதவன் எப்படி எழுதுதானோ அப்படித்தான் ஆளு ஆயிப்போவான்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பையைத் திறந்தார். ரேஷன் கார்டு, மின்சார பில், பழைய வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம், யாவும் நகல்கள். மறைந்த தகப்பனாரின் பெயர் ஒன்றில் ழகரம் லகரமாகவும், ஒன்றில் ஒற்றெழுத்து உதிர்ந்தும், மற்றொன்றில் எனக்கு வாசிக்கவே வராத உருவத்திலும் இருந்தது. அவர் குடியிருக்கும் தாராவியில் புனர்நிர்மாணத்துக்காகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்டுகிறவர்களுக்குத் தாராவியிலேயே இலவசமாக 350 சதுர அடி வீடு. மூன்று பெயரும் ஒரே மனிதரைத்தான் குறிக்கின்றன என்று எழுதி வாங்கவே அவர் அன்றைக்குப் புறப்பட்டு வந்திருந்தார்.

வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில், கதவு நிலையின்மேல் கணக்கெடுப்பு எண் எழுதிய ஓர் அறை. உள்ளே புளி தேய்த்த பித்தளைக் குடங்கள் உயர வரிசையில் அடுக்கியிருந்த நேர்த்தியில், மூக்கைப் பொத்திக்கொள்வதற்காக எடுத்த கைக்குட்டையை, மிகுந்த லஜ்ஜையோடு பையிலேயே திணித்துக்கொண்டேன். வாசலருகே ஓர் இரும்பு ஏணி செங்குத்தாக மேலே போயிற்று. கீழறையில் மூத்த மகன். மேலறையில் இளைய மகன். மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே எங்கோ, வாடகையாகக் கட்டிக் கழிக்கும் வீடுதானாம். மூத்தவருக்குச் சொந்த மண்ணும் இளையவருக்கு வேற்றூரும் என்று ஒரே தகப்பன் பிள்ளைகளைப் பத்துப் படி ஏணி பிரித்துவிடும் இந்த விதியை என் காகிதக் கட்டின் எந்தக் கிளையிலும் நான் கண்டதில்லை.

மேலிருந்து ஒரு வளைக்கை இரண்டு டம்ளர் காப்பியைத் தணித்து நீட்டிற்று. பெரியவர் எட்டி வாங்கினார். வெல்லமில்லாத, கசப்பும் கட்டியுமான நல்ல காப்பி. என் கையிலிருந்த கட்டையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த வைத்தியரு கொழும்புல கீழ இருந்தாரா தம்பி, மேல இருந்தாரா?"