விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரிந்தால் போதும்

கொஞ்சம் நீளமான பதிவு. பல வீடுகளில் நடந்தும் வெளியில் சொல்லாமல் மூடி வைத்திருக்கிற விஷயம் என்பதால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஜவுளிக்கடை வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ ஒரு கூப்பனை நீட்டிப் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்வார்கள். நாலு நாளில் போன் வரும். "குலுக்கலில் உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, கணவன் மனைவி சேர்ந்து வந்து வாங்கிக்கணும்" என்பார்கள். ஓட்டலில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்து மூன்று மணி நேரம் பேசுவார்கள். மலையில் டென்ட், காட்டேஜ், கேம்ப் ஃபயர், வருடத்துக்கு ஏழு நாள், 25 வருடம். "இந்த விலை இன்னைக்கு மட்டும்தான்" என்று பேனாவைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் இப்படித்தான் ஒரு நிறுவனத்தில் உறுப்பினர் ஆனார்கள். மொத்தம் 1,60,000 ரூபாய். அன்றே கார்டில் 60,000 போனது. மீதிக்கு மாதம் 5,000 தவணை. கோடை விடுமுறைக்கு இடம் கேட்டால், "அது உங்க சீசன்ல வராது" என்றார்கள். வேறு தேதி கேட்டால், "எல்லாம் புக் ஆகிடுச்சு". ஒருநாள்கூடப் போய்த் தங்காத வருடத்துக்கும் பராமரிப்புக் கட்டணம் கேட்டு மெயில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "பத்து நாளுக்குள்ள ரத்து செஞ்சிருக்கணும், சேர்க்கைக் கட்டணம் திரும்ப வராது" என்று கையெழுத்திட்ட தாளையே காட்டினார்கள்.

எனக்கு இதைவிட வலித்தது வேறு. மாப்பிள்ளை எட்டு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை. பேத்தியின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று சேர்த்த பணம் அது. "படிச்சவன் ஏமாந்துட்டான்னு சிரிப்பாங்க அத்தை" என்றார். நான் சொன்னேன், "சிரிக்கிறவங்க வீட்லயும் அந்த மாதிரி ஒரு ஃபைல் பீரோவுக்குள்ள இருக்கும் மாப்பிள்ளை. முதல்ல எழுதுங்க." நாம் வெட்கப்பட்டு வாய் மூடிக்கொள்வோம் என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

அவர் எழுதிக்கொண்டு வந்தது ஆறு பக்கம். பாதிக்குமேல் "மோசடிக் கும்பல்", "நாசமாய்ப் போவார்கள்". நான் பழைய பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன்! உங்களுக்கு ஐந்தாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் சொல்லிக்கொடுத்தேனே, அதே அமைப்புதான். அனுப்புநர், பெறுநர், பொருள், என்ன நடந்தது, என்ன வேண்டும். எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள், எவ்வளவு கட்டினோம், எந்தத் தேதிக்கு இடம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று வரிசைப்படுத்தினோம். ஆறு பக்கம் இரண்டானது. விற்பனைப் பையன் "எந்த மலையிலும், எந்தத் தேதியிலும்" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அழியாமல் இருந்தது. அந்த ஒரு வரிதான் பெரிய துணையாக நின்றது.

சட்டம் நாம் நினைப்பதைவிட எளிமையாக இருக்கிறது. தெரிந்துகொள்ளுங்கள்.

1. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை.

2. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சில புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

3. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபிறகு, நாம் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் சரி.

4. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. உண்மை என்று உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும். இ-ஜாக்ருதி தளத்தில் இணையம் வழியாகவும் பதியலாம்.

5. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தயங்கித் தயங்கி இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.

6. கட்டிய பணம், வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். பரிசு தருகிறோம் என்று ஆசை காட்டிவிட்டுத் தராமல் இருப்பதும் அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான்.

மாப்பிள்ளை விஷயம் பதினான்கு மாதம் இழுத்தது. இரண்டு முறை நிறுவனத்தின் சார்பில் யாருமே வரவில்லை. கடைசியில் சமரசத்துக்கு வந்தார்கள். அதுவரை கட்டியிருந்த ஒரு லட்சத்தில் 85,000 திரும்பி வந்தது. மீதித் தவணை ரத்து. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். ஆனால் மனிதர் நிமிர்ந்து நடக்கிறார். அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேருக்கு அவரே புகார் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. புகார் கொடுத்த சமயத்தில், "உங்க மெம்பர்ஷிப்பை நாங்களே விற்றுத் தருகிறோம், வரி மட்டும் முன்கூட்டிக் கட்டுங்க" என்று ஒரு போன் வந்தது. இது அடுத்த வலை. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. அந்த மேசையில் உட்கார்ந்து பேசிய பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவனும் ஏதோ ஒரு டீச்சரின் மாணவன். மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்த்தால்தான் சம்பளம் என்று அவன் கழுத்திலும் கத்தி. அவனைத் திட்டாதீர்கள், புகார் நிறுவனத்தின் மேல் போகட்டும். என் பிள்ளைகளில் யாராவது அந்த வேலையில் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தாளில் இல்லாததை வாயால் சொல்லாதீர்கள் கண்ணுகளா.

உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு ஃபைல் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். தேதிகளை ஒரு தாளில் எழுதி இன்பாக்ஸில் அனுப்புங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு திருத்தித் தருகிறேன். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்