பேரன் உடைத்ததும் நான் அழித்ததும்

என் தாயார் 2019-ஆம் ஆண்டு தம் 88-ஆம் வயதில் காலமானார். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில், மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லிவந்த பழங்கதைகளையும், குடும்ப நிகழ்ச்சிகளையும், தாலாட்டுகளையும் என் கைப்பேசியில் பதிவு செய்துவந்தேன். மொத்தம் 41 பதிவுகள். கைப்பேசி பழையதாகிவிடவே, அவை அனைத்தையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிவிட்டு, கைப்பேசியைக் கடையில் கொடுத்துப் புதிது வாங்கிக்கொண்டேன். இன்னொரு பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று பலமுறை எண்ணியதுண்டு. எண்ணியதோடு சரி.

2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்கு மகன் குடும்பத்தினர் வந்திருந்தனர். அம்மாவின் நினைவு நாள் நெருங்கியிருந்ததால், அவருடைய குரலை அனைவரும் கேட்கட்டும் என்று அந்தப் பென் டிரைவைக் கணினியில் செருகி வைத்திருந்தேன். பத்து வயதுப் பேரன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தான். கணினியின் பக்கவாட்டில் நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருந்த அதன்மீது அவனுடைய முழங்கை மோதியது. உலோக முனை கோணலாக வளைந்துவிட்டது.

அப்போது நான் பேசிய சொற்களை இங்கே எழுதுவதற்குக் கை கூசுகிறது. எனினும் எழுதத்தான் வேண்டும். "உன் கொள்ளுப்பாட்டியை இரண்டாம் முறை சாகடித்துவிட்டாயே!" என்றேன். நாற்பதாண்டுக் காலம் பள்ளிப்பிள்ளைகளோடு பழகிய ஒருவன், பத்து வயதுச் சிறுவனிடம் சொல்லத்தக்க சொல்லா இது? அவன் அழவில்லை. அன்றிரவு உண்ணவுமில்லை. "அவன் வேண்டுமென்று செய்யவில்லை, மாமா" என்று மருமகள் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள். நான் பதிலொன்றும் சொல்லவில்லை.

எல்லாரும் உறங்கிய பின்னர் குறட்டை எடுத்து வளைந்த முனையை நிமிர்த்தினேன். கணினியில் செருகியதும் சிறு விளக்கு மினுக்கென்று எரிந்தது. எனக்கோ போன உயிர் திரும்பியது போலிருந்தது. உடனே திரையில் ஒரு கேள்வி தோன்றியது: இந்த வட்டைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்யவேண்டும், செய்யலாமா என்று. கண்ணாடியும் அணியாமல், பரபரப்பில் 'ஆம்' என்பதை அழுத்திவிட்டேன். சில வினாடிகளில் பென் டிரைவ் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொருட்டு, கணினியில் இருந்த ஒரு திருமண வீடியோவை அதில் ஏற்றினேன். அது குறையின்றி ஏறியது. மறுமுறை செருகியபோது விளக்கும் எரியவில்லை.

காலையில் வீட்டாரிடம், "எல்லாம் போய்விட்டது" என்றேன். எப்படிப் போயிற்று என்று சொல்லவில்லை. பேரன் உடைத்ததால் போயிற்று என்றே அனைவரும் எண்ணிக்கொண்டனர். நானும் அப்படியே எண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்கு நாட்கள் கழித்து, திண்டுக்கல்லில் கணினி பழுதுபார்க்கும் ஓர் இளைஞரிடம் அதை எடுத்துச் சென்றேன். பேரனும் உடன் வருவதாக அடம்பிடித்து வந்தான். அவ்விளைஞர் மேலுறையைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். உள்ளே விரலளவு பச்சைப் பலகை. அதில் கறுப்பாக இரண்டு சில்லுகள். "தகவல் எல்லாம் இந்தப் பெரிய சில்லில்தான் இருக்கிறது, ஐயா. பக்கத்திலிருக்கும் சிறியது அதை நிர்வகிக்கும் கணக்குப்பிள்ளை. இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. முனையிலிருந்து பலகைக்கு வரும் நான்கு இணைப்புகளில் இரண்டு விட்டுப் போயிருக்கின்றன, அவ்வளவுதான்" என்றார்.

இத்தகைய சில்லை உருவாக்கியவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்பவர். 1984-இல் அவர் தம் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். 2000-ஆம் ஆண்டில் பென் டிரைவுகள் கடைக்கு வந்தபோது, அவற்றில் ஒன்றின் கொள்ளளவு 8 மெகாபைட். இன்றைய கைப்பேசிப் படங்கள் இரண்டு மூன்றுக்கே அது நிரம்பிவிடும். சில்லினுள் கோடிக்கணக்கான நுண்ணறைகளில் மின்னூட்டம் அடைபட்டுக் கிடக்கிறது. மின்சாரம் நின்ற பின்னும் அது நிலைத்திருப்பதே இதன் சிறப்பு. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆகவே, பெட்டியில் பூட்டி வைத்து மறந்துவிடுவதற்கு ஏற்ற பொருளன்று இது. இதையெல்லாம் நான் அறிந்தது பின்னரே.

மயிரிழை போன்ற கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டி இணைப்புகளைச் சரிசெய்தார் அவர். கணினி பென் டிரைவை அடையாளம் கண்டுகொண்டது. அவர் உடனே அதைத் திறந்து பார்க்கவில்லை. அதிலிருந்த 16 ஜிகாபைட்டையும் முதலிலிருந்து கடைசிவரை அப்படியே தம் கணினியில் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தார். இனிச் செய்யும் சோதனைகள் எல்லாம் அந்தப் பிரதியின்மீதுதான், மூலத்தைத் தொடுவதில்லை என்றார். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "ஐயா, இது உடைந்ததால் அழிந்த மாதிரி தெரியவில்லையே. யாரோ ஃபார்மட் செய்திருக்கிறார்கள். அதன் பிறகு ஏதோ பெரிய வீடியோவும் ஏற்றியிருக்கிறார்கள்."

பேரன் என் முகத்தைப் பார்த்தான். "நானா தாத்தா?" என்றான். தன்னை அறியாமல் அதையும் செய்திருப்போமோ என்ற அச்சம் அவன் குரலில் இருந்தது. அக்கணத்தில் எனக்கிருந்த நிலை, அதை அனுபவித்தவர்க்கே விளங்கும். "நீயில்லை. அன்றிரவு நான்தான் செய்தேன்" என்றேன். இளைஞர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு விவரம் புரிந்திருக்க வேண்டும்.

விரைவு முறையில் செய்யப்படும் ஃபார்மட், நூலின் பொருளடக்கத் தாளை மட்டும் மாற்றி வெற்றுத்தாள் வைப்பது போன்றது. உள்ளே பக்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றின்மேல் புதிதாக எழுதினால்தான் பழையது மறையும். நான் ஏற்றிய திருமண வீடியோ அந்த வேலையைத்தான் செய்திருந்தது. கணினி அந்தக் கேள்வியைக் கேட்டபோது 'இல்லை' என்று சொல்லி எடுத்து வைத்திருந்தால், நான் இழந்தது எதுவுமே இராது. வளைந்ததை மீண்டும் மீண்டும் செருகாமல் இருந்திருந்தால் வேலையும் எளிதாயிருக்கும். சில்லே உடைந்திருந்தாலோ, மீட்பதற்கு யாராலும் இயலாது போயிருக்கும்.

போட்டோரெக் என்னும் இலவசச் செயலியை அவர் பிரதியின்மீது ஓடவிட்டார். அது பொருளடக்கத்தை நாடுவதில்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் உரிய அடையாளம் ஒன்றுண்டு. அந்த அடையாளங்களைத் தேடிக்கொண்டே போய்க் கோப்புகளை எடுத்துத் தருகிறது. ஆதலால் பெயர்கள் மீளா; எழுத்தும் எண்ணுமாகவே வரும். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். 33 பதிவுகள் முழுமையாகக் கிடைத்தன. நான்கு நடுவில் அறுந்திருந்தன. எஞ்சிய நான்கு வரவேயில்லை. ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். இருமலோடு தொடங்கிய அம்மாவின் குரலைக் கேட்டதும் பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அன்றிரவு உணவு வேளையில் மகனிடமும் மருமகளிடமும் நடந்ததைச் சொல்லி, பேரனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன், "சரி தாத்தா" என்று சொல்லிவிட்டு அப்பளம் கேட்டான். பிள்ளைகளுக்கு அது அவ்வளவு எளிது. எனக்குத்தான் நான்கு நாட்கள் ஆயின.

பெயரில்லாத கோப்புகளுக்குப் பெயரிட வேண்டுமானால் ஒவ்வொன்றையும் கேட்டாக வேண்டும். விடுமுறையின் எஞ்சிய நாட்களில் நாளுக்கு மூன்றோ நான்கோ கேட்டோம். நான் சொல்ல, அவன் தட்டச்சு செய்தான். அறுந்தவற்றுள் ஒன்று, மாட்டுவண்டியில் அம்மா மணப்பெண்ணாகப் புறப்பட்ட கதை. வண்டி ஆற்றங்கரையை அடைந்ததும் குரல் நின்றுவிடுகிறது. ஆற்றில் வெள்ளம் போயிற்றா, எப்படிக் கடந்தார்கள் என்று பேரன் துளைத்தெடுத்தான். எனக்கு நினைவில்லை. பதிவு இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் கவனித்துக் கேட்டதேயில்லை போலும். மதுரையிலிருக்கும் என் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தோம். அவள் சொல்லச் சொல்ல அதையும் பதிவு செய்தோம். மாடுகளை அவிழ்த்துவிட்டு, ஊரார் வண்டியைத் தோளில் தாங்கிக் கரையேற்றினார்களாம்.

இப்போது அந்தப் பதிவுகள் என் கணினியில் ஒன்று, மகனிடம் ஒன்று, தங்கையிடம் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கின்றன. தங்கை சொன்னதற்குப் பேரன் தானே ஒரு பெயரிட்டு, அம்மாவின் அறுந்த பதிவுக்கு அடுத்ததாக வைத்திருக்கிறான்.