விடிவதற்குள் ஒரு கடைசி ஷாட்

எட்டுப் பிள்ளையார்களைத் தேடி மகாராஷ்டிரத்தைச் சுற்றிவரும் அஷ்டவிநாயக யாத்ரிகர்களுக்கு ரஞ்சன்காவ்தான் கடைசி ஊர். மோர்காவில் தொடங்கி சித்தடேக், பாலி, மஹட், தேவூர், லேண்யாத்ரி, ஓஜர் என்று வரிசையாகக் கும்பிட்டுவிட்டு இங்கே வந்து சேர்கிறார்கள். ஆனால் கடைசி ஊர் வந்துவிட்டது என்று மூட்டையைக் கட்டிவிட முடியாது. மறுபடி மோர்காவுக்குப் போய் முதல் பிள்ளையாரைப் பார்த்தால்தான் யாத்திரை நிறைவு பெறும் என்பது மரபு.

புனேயிலிருந்து அகமதுநகர் (இப்போது அஹில்யாநகர்) செல்லும் சாலையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்த ஊர். வாகோலி, கோரேகாவ் பீமா, ஷிக்ராபூர் தாண்டினால் வந்துவிடும். இங்குள்ள மகாகணபதியின் தலபுராணம் தமிழர்களுக்குப் புதிதல்ல. பிள்ளையாரை வணங்காமல் திரிபுரத்தை அழிக்கப் புறப்பட்ட சிவனுக்கு வெற்றி கிட்டவில்லையாம். இதே குற்றத்துக்காகத் தேரின் அச்சு முறிந்த இடம் என்று செங்கல்பட்டுப் பக்கம் அச்சிறுபாக்கத்தில் கதை சொல்வார்கள். அங்கே அச்சு முறிந்தது. இங்கே சிவன் தவறை உணர்ந்து கும்பிட்டுவிட்டுப் போய் ஜெயித்தார்.

கோயில் கிழக்கு பார்த்தது. தட்சிணாயன காலத்தில் சூரியனின் கதிர்கள் நேராக மூலவர் மீது விழும்படி கட்டியிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பக்தர்களுக்கு விடியல் ஒரு வரம்.

ஆனால் கேமராவோடு இரவுக் காட்சி எடுக்க வருகிறவர்களுக்கு அதே விடியல்தான் வில்லன். புனேயைச் சுற்றி இருட்டு கிடைப்பதே அபூர்வமாகி வருகிறது. ரஞ்சன்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு அருகிலேயே பெரிய தொழிற்பேட்டை. எல்.ஜி., வேர்ல்பூல், ஃபியட் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். ராத்திரியிலும் விளக்குகள் அணைவதில்லை, நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. கிராமத்தின் கும்மிருட்டைப் படம் பிடிக்க வேண்டுமானால் வெளிச்சமும் சத்தமும் எட்டாத மூலையைத் தேடித்தான் போக வேண்டும்.

அப்படித் தேட வேண்டியவர்கள் புனேயில் நிறையவே உண்டு. 1933-ல் கோலாப்பூரிலிருந்து புனேக்கு இடம்பெயர்ந்த பிரபாத் ஸ்டூடியோவின் வளாகத்தில்தான் 1960-ல் அரசு திரைப்படக் கல்லூரி தொடங்கியது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்து பாலு மகேந்திரா கேமராவைக் கற்றுக்கொண்டது இங்கேதான். இங்கே படிப்பு முடிய வேண்டுமானால் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

மைசூரில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்தவர் சிதானந்த நாயக். தொலைக்காட்சிப் பிரிவில் ஓராண்டு இயக்குநர் படிப்பு. ஆண்டு முடிவில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என்று பிரிவுக்கு ஒருவராக நால்வர் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும். நாயக் தேர்ந்தெடுத்தது ஒரு கன்னட நாட்டுப்புறக் கதையை. ஒரு கிழவி ஊரின் சேவலைத் திருடிவிடுகிறாள். சேவல் கூவாததால் சூரியன் உதிக்கவில்லை. ஊர் இருட்டில் மூழ்குகிறது. கர்நாடகக் கதைதான், ஆனால் எடுத்தது புனேயை ஒட்டிய இடங்களில். கிடைத்த அவகாசம் நான்கு நாட்கள். படம் முழுவதும் இரவு.

வேடிக்கையைப் பாருங்கள். கதையில் ஊரே 'விடியாதா' என்று தவிக்கிறது. எடுக்கிறவர்களுக்கோ விடிந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. விளக்கை நிறுத்தி, நடிகரை நிறுத்தி, ஒத்திகை பார்த்து முடிப்பதற்குள் இரவில் பாதி கரைந்துவிடும். ஜெனரேட்டரைப் பக்கத்தில் வைத்தால் ஒலிப்பதிவாளர் கத்துவார், தள்ளி வைத்தால் கேபிள் போதாது. கிழக்கு வெளுத்துவிட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் காட்சி கிடைக்காது. பெரிய கம்பெனியென்றால் இன்னொரு நாள் கால்ஷீட் வாங்கலாம். மாணவனுக்கு அந்த வசதி இல்லை. நான்காவது இரவில் விட்டுப்போன ஷாட் விட்டுப்போனதுதான். அது இல்லாமல் கதை சொல்லும் வழியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த நெருக்கடியை எந்த வகுப்பறையிலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

நாயக்கின் குழு முடித்துக் காட்டியது. 'சன்ஃப்ளவர்ஸ் வேர் தி ஃபர்ஸ்ட் ஒன்ஸ் டு நோ' என்ற அந்த 16 நிமிடப் படம் 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில், உலகெங்குமுள்ள திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கான 'லா சினெஃப்' பிரிவில் முதல் பரிசு பெற்றது. பரிசுத் தொகை 15,000 யூரோ. போட்டிக்கு வந்த 2,263 படங்களிலிருந்து தேர்வானவை 18 மட்டுமே. நான்கு ஆண்டுகளுக்கு முன், 2020-ல், இதே முதல் பரிசைப் பெற்ற 'கேட்டாக்' படமும் புனே மாணவியான அஷ்மிதா குஹா நியோகியுடையதுதான்.

கோடம்பாக்கத்தில் கடைசி ஷாட் முடிந்ததும் பூசணிக்காய் உடைப்பார்கள். பூசணிக்காய் உடைந்தால் படப்பிடிப்பு முடிந்தது என்று அர்த்தம், படம் முடிந்தது என்றல்ல. எடுத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு எடிட்டிங் அறைக்குப் போய், முதல் காட்சியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எடுத்தபோது பிரமாதமாகத் தோன்றியது அங்கே வெட்டுப்படும். அவசரத்தில், வெளுக்கும் வானத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்தது படத்தைக் காப்பாற்றும்.

ரஞ்சன்காவில் காலைத் தரிசனம் முடித்து வேனில் ஏறும் யாத்ரிகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எட்டும் பார்த்தாகிவிட்டது. வேன் இனி மோர்காவை நோக்கித் திரும்ப வேண்டும்.