ஆரவல்லிச் சரிவுகளில்

டில்லிக்குப் பிரயாணம் செய்கிற நம்மவர்களில் பெரும்பாலோர் குதுப் மினாரையும் செங்கோட்டையையும் கண்டு, கரோல் பாக்கில் துணிமணி வாங்கிக்கொண்டு, ஆக்ராவுக்கு ரயிலேறிவிடுகிறார்கள். அந்த மகாநகரத்தின் ஊடே ஒரு மலைத்தொடர் செல்கிறது என்பதும், அது இமயமலைக்குப் பல கோடி ஆண்டுகள் மூத்தது என்பதும், வெயிலாலும் காற்றாலும் மழையாலும் தேய்ந்து தேய்ந்து இன்று குன்றென்று சொல்லும் அளவுக்குக் குறுகி நிற்கிறது என்பதும் அவர்கள் கவனத்துக்கு வருவதில்லை. குஜராத்தில் தொடங்கி, ராஜஸ்தானத்தையும் ஹரியானாவையும் கடந்து, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வடகிழக்காக வந்து, யமுனைக்கு அருகே மண்ணுக்குள் மறைகிற ஆரவல்லியின் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் டில்லிவாசிகள் ‘ரிட்ஜ்’ என்கிறார்கள். சுற்றியுள்ள சமவெளிக்கு மேல் அதன் மிக உயர்ந்த இடமும் 100 மீட்டருக்குச் சற்றே கூடுதலாகத்தான் இருக்கும். மலைச் சைக்கிளில் சரிவிறங்கும் வித்தையைத் தொடங்குகிறவனுக்கு இதைவிடத் தகுந்த மலை வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த வித்தையின் பூர்விகம் கலிபோர்னியா. ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே மரீன் கவுண்டியில், 1970களில் சில இளைஞர்கள், தங்கள் தகப்பன்மார் காலத்துக் கனத்த ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான்களிலிருந்து தேடியெடுத்து, அவற்றை மலையுச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மண்பாதையில் கீழே விரையத் தலைப்பட்டார்கள். ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே 1976 அக்டோபர் 21 அன்று நடந்ததுதான் முதல் போட்டி. சுமார் 1,300 அடி இறக்கம். பின்சக்கரத்து ஹப்புக்குள் இருக்கும் பிரேக் ஒன்றுதான் துணை. அந்த இறக்கத்தில் ஹப்பின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்து போய்விடும். மறுபடி இறங்குமுன் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். அக்கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே ஒரு சைக்கிள் சட்டத்தைச் செய்தார். அதே கூட்டத்துக் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் இத்தகைய சைக்கிள்களை விற்க ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1990இல் கொலராடோவின் துராங்கோ நகரில் முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தது. 1996இல் அட்லாண்டாவில் மலைச் சைக்கிளின் ஏற்ற இறக்கப் பந்தயத்துக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. தாய்க்கலையான சரிவிறக்கத்துக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. இது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

சரிவிறங்குவதில் டவுன்ஹில், ஃப்ரீரைட் என்று இரண்டு வகை. டவுன்ஹில் என்பது கடிகாரத்தோடு போடும் பந்தயம்: ஒருவர்பின் ஒருவராக விடுவார்கள், உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இரண்டு முதல் ஐந்து நிமிஷம், யார் விரைவில் வந்தாரோ அவருக்கு வெற்றி. ஃப்ரீரைடில் கடிகாரம் இல்லை. கானடாவில் வான்கூவருக்கு வடக்கேயுள்ள ஈரக் காடுகளில் மரப்பாலங்களும் பலகைச் சரிவுகளும் கட்டி, அவற்றின் மீது ஓட்டிப் பழகியவர்கள் வளர்த்த கலை அது. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் வர்ஜின் என்ற சிற்றூருக்குப் பக்கத்துச் செம்பாறைகளில் 2001இல் தொடங்கிய ‘ராம்பேஜ்’ போட்டியில் அதன் உச்சத்தைக் காணலாம். அங்கே ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வழியைத் தேர்ந்து வெட்டிக்கொண்டு, பாறை விளிம்பிலிருந்து சைக்கிளோடு தாவுகிறார்கள். ஆரம்பத்திலிருப்பவனுக்கு அந்தத் தாவல்கள் வேண்டாம். தன் வழியைத் தானே பார்த்துத் தேர்கிற அந்தச் சுதந்திர புத்தி மட்டும் போதும்.

என்னை இதில் புகுத்தியவன் ஆர்.கே. புரத்தில் பிறந்து வளர்ந்த என் அக்காள் மகன். ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில், குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியிலிருந்து பந்தய வண்டிவரை நடைபாதையெங்கும் அடுக்கியிருக்கும் கடைகளுக்கு என்னை அழைத்துச் சென்று, எதைப் பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். முதலில் முன்ஃபோர்க்: டவுன்ஹில் வண்டியில் அது 200 மில்லிமீட்டர்வரை அமுங்கி எழும்; நம் ஊரில் மலைச் சைக்கிள் என்று விற்கும் சாதாரண வண்டிகளில் அதில் பாதிகூட இராது. ஆயினும் அவன் வற்புறுத்தியது பிரேக்கைத்தான். எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் இருந்தால், ஒரே விரலால் லீவரைத் தொட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். மற்ற விரல்களெல்லாம் கைப்பிடியைப் பற்றியிருக்கும். மலையில் பிராணனைக் காப்பது இந்த ஏற்பாடே.

பிப்ரவரி மாதத்து ஒரு காலையில், குர்கானிலிருந்து ஃபரீதாபாத் செல்லும் சாலையை ஒட்டிய குன்றுகளுக்குப் போனோம். பாதை என்று யாரும் போட்டதில்லை. ஆடுமாடுகள் மேய்ச்சலுக்குப் போய்வந்து உண்டாக்கிய ஒற்றையடித் தடங்கள்தாம். இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த குவார்ட்ஸைட் பாறை; அது உடையும்போது கத்திபோன்ற விளிம்புகளோடு உடைகிறது. அதன்மேல் உதிர்ந்து கிடக்கும் சரளையில் சக்கரம் உருளுவதைவிட வழுக்குவதே அதிகம். இருபுறமும் சீமைக்கருவேல். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் டில்லிக்கும் கொண்டுவரப்பட்டு, இங்கே ‘விலாயதி கீக்கர்’ என்ற பெயரோடு ரிட்ஜ் முழுவதையும் ஆக்கிரமித்துக்கொண்ட அதே மரம். வழியில் அவன் டயரில் ஒரு முள் ஏறியது. அவன் நின்று அதைப் பிடுங்கியதும், துளையிலிருந்து பால்போன்ற திரவம் நுரைத்துக் கொப்பளித்து வந்தது. துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தான். சில விநாடிகளில் நுரை அடங்கித் துளை தானே அடைபட்டது. ட்யூப் இல்லாத டயருக்குள் முன்கூட்டியே ஊற்றி வைக்கிற பசை அது. கருவேலங்காட்டில் ஓட்டுகிறவனுக்கு இதைப்போல் உபகாரமான வஸ்து வேறொன்றுமில்லை.

இறங்குமுன் ஸீட்டை முழுக்கத் தாழ்த்தினோம். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தோம், சக்கரம் கல்லைத் தழுவிப் பிடிப்பதற்காக. “உட்காராதீங்க மாமா, நில்லுங்க. ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல இருக்கட்டும்” என்றான். நின்றால் முழங்காலும் முழங்கையும் மடங்கி நிமிர்ந்து, ஃபோர்க்கைவிடப் பெரிய ஸ்பிரிங்காக வேலை செய்கின்றன என்பது இறங்கும்போதுதான் பிரத்தியட்சமாயிற்று. இறக்கத்தில் உடலின் பாரம் முன்சக்கரத்துக்குச் செல்வதால் நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன்பிரேக்கிடமே இருக்கிறது. அதைப் பதறி அழுத்தினால் சக்கரம் நின்று, ஓட்டுகிறவன் தலைக்குப்புறப் போவான். பயந்து பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் பின்சக்கரம் சரளையில் இழுபட்டு விலகும். ஆகையால் வளைவுக்கு முன்பே, நேரான இடத்தில், இரண்டையும் இதமாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விரலைத் தளர்த்திவிட வேண்டும்.

இவற்றையெல்லாம்விட ஆச்சரியமானது கண்ணின் காரியம். பாதை நடுவே ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. அதில் மோதிவிடக் கூடாதே என்று அதையே உற்றுப் பார்த்தால் சைக்கிள் நேரே அதை நோக்கித்தான் போகிறது. “கல்லைப் பார்க்காதீங்க, போற வழியைப் பாருங்க” என்று அவன் பின்னாலிருந்து கூவினான். பத்தடிக்கு அப்பால் கல்லுக்கும் முட்புதருக்கும் இடையே தெரிந்த ஒரு முழ அகல மண்ணில் பார்வையை நிறுத்திய க்ஷணத்தில், தோளும் இடுப்பும் தாமாகத் திரும்பி, வண்டி அவ்வழியே நழுவிச் சென்றது. இமயத்தில் இதே பாடத்தைக் கற்க ஆயிரம் மீட்டர் பள்ளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்க வேண்டும். ஆரவல்லியிலோ இறக்கம் சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. மூச்சு வாங்கிக்கொண்டு, வண்டியைத் தள்ளி மேலேறி, அதே கல்லிடம் மறுபடி போகலாம்.

அங்கிருந்து தொலைவில்லை மாங்கர் பனி. குதரியா பாபா என்னும் சாதுவின் பெயரால் சுற்றுக்கிராமத்தார் கோடரி படாமல் காத்துவரும் கோயில்காடு அது. சீமைக்கருவேல் புகாத இடத்தில் ஆரவல்லி எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே நிற்கும் தௌ மரங்கள் காட்டுகின்றன. அதற்குள் சைக்கிள் போகவே கூடாது. சிறுத்தைகள் உலவும் அஸோலா பட்டிச் சரணாலயத்திலும் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது தகாது. புதுத் தடம் வெட்டினால் அடுத்த மழையில் அது ஓடையாகி மண்ணை அரித்துவிடும்; ஆடுகள் போட்ட வழியே நமக்குத் தாராளம். கல்லுக்காகவும் மணலுக்காகவும் இந்தக் குன்றுகளை வெட்டிய பள்ளங்கள் இன்றும் வாய் பிளந்து கிடக்கின்றன. 2025 நவம்பரில், சுற்றுத்தரைக்கு மேல் 100 மீட்டராவது உயர்ந்திருப்பதையே ஆரவல்லிக் குன்றென்று கொள்ளும் வரையறையை உச்சநீதிமன்றம் ஏற்றபோது, நான் இறங்கிப் பழகிய மேடுகள் நினைவுக்கு வந்து மிகவும் வேதனைப்பட்டேன்; டிசம்பரில் நீதிமன்றமே அதை நிறுத்தி வைத்தது. இந்த மலையின் பெரும்பகுதி உயரமற்றதுதான். பாலைவனத்துப் புழுதியைத் தடுப்பதும் மழைநீரை நிலத்தடிக்கு அனுப்புவதும் அந்த உயரமற்ற மேடுகளே.

இங்கே கை பழகியவர்கள் டில்லியிலிருந்து இரவு பஸ் பிடித்து ஹிமாசலத்துக்குப் போகிறார்கள். 2005இல் அங்கே தொடங்கிய ‘எம்டிபி ஹிமாலயா’ பல நாள் நீளும் நெடும் பந்தயமேயன்றி டவுன்ஹில் அல்ல. எனினும் அதன் இறக்கங்களில் இந்த வித்தையே கைகொடுக்கும். டில்லியில் ஓட்ட விரும்புகிறவர்கள் அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களில், பனிமூட்டமும் புகையும் இல்லாத காலையாகப் பார்த்துப் புறப்படலாம். முகத்தையும் மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம், இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்று ட்யூப் ஒன்று, கூட வர ஒரு துணை: இத்தனையும் அவசியம்.